தறிக்கல்லும் கம்பிச் சுமையும்

சென்ற மாதம் நமது சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில், இதழின் பொறுப்பை ஏற்றிருக்கும் பெரியவர் என்னைத் தனியே அழைத்து, "நீர் ரயில்வேயில் இருக்கிறீர், ரயிலைப் பற்றி ஏதேனும் எழுதித் தாருமே" என்று கேட்டார். நான் மெட்ரிக் வரையில் படித்தவன். அலுவலகத்தில் நான் எழுதுவதெல்லாம் விடுப்புக் கணக்கும் வருகைப் பட்டியலுந்தான். ஆகையால் முதலில் தயங்கினேன். ஆனால் வீடு திரும்பும் வழியில், ரயில் பாதையோரமாய் நடந்து வருகையில், கம்பத்தில் தொங்கும் இரும்புச் சுமையைக் கண்டேன். அதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றிற்று. அதை எழுதப் புகுந்தால் என் தந்தையாரின் தறியைப் பற்றியும், நான் செய்த ஒரு பிழையைப் பற்றியும் எழுதாமல் தீராது. எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் வண்டியில் சன்னலோரம் அமர்ந்து செல்லும் அன்பர்கள், நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை என்று நிலையங்கள் ஒவ்வொன்றாகப் பின்னே போவதைப் பார்த்திருப்பீர்கள். 1979ஆம் ஆண்டில் இப்பாதையில் வண்டி ஓடத் தொடங்கியபோது மேலே கம்பி கிடையாது. மின்மயமான பின்னர்தான் கம்பங்கள் வந்தன. அவற்றுள் எங்கோ ஒரு கம்பத்தில் மட்டும், வட்டமான கனத்த துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, கப்பிகளின் வழியே கம்பிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கிணற்றுக் கப்பியில் வாளி தொங்குவது போல இருக்கும். "இது எதற்கு?" என்று என் மகள் ஐந்து வயதில் கேட்டாள். பெரியவர்கள் பலர் கேட்பதே இல்லை.

தண்டவாளத்துக்கு மேலே சுமார் ஐந்தரை மீட்டர் உயரத்தில் 25,000 வோல்ட்டு மின்சாரம் செல்லும் செப்புக் கம்பி ஓடுகிறது. அதை அதற்கும் மேலே உள்ள இன்னொரு கம்பி தாங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒவ்வொன்றும் 1,000 கிலோ அளவுக்கு இழுத்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். இழுப்புக் குறைந்தால் கம்பி தொய்யும். மிகுந்தால் அறுந்துபோக நேரும். ஆனால் செம்பு வெயிலில் நீள்வது, குளிரில் சுருங்குவது. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் பத்து லட்சத்தில் பதினேழு பங்கு நீளும் என்பது கணக்கு. கேட்பதற்கு அற்பமாய்த் தோன்றும். ஆனால் நடுவே பிணைத்த இடத்திலிருந்து முனை வரையில் 750 மீட்டர் நீளமுள்ள கம்பி, விடியற்காலைக் குளிருக்கும் நண்பகல் வெயிலுக்கும் இடையே முப்பது டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 38 சென்டிமீட்டர் நீண்டுவிடும். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு.

அந்த ஒரு முழத்தை விழுங்குவதற்காகவே அந்தச் சுமை. கம்பி நீண்டால் சுமை கீழே இறங்கும். சுருங்கினால் மேலே ஏறும். அது எங்கே நின்றாலும் அதன் கனம் மாறுவதில்லை. ஆகையால் கம்பியின் இழுப்பும் மாறுவதில்லை. நான் எண்ணெயிட்டுப் பழகியது மூன்று கப்பி உள்ள வகை. அதில் 665 கிலோச் சுமை மூன்று மடங்காகிச் சுமார் 2,000 கிலோ இழுப்பைத் தரும். கம்பி 38 சென்டிமீட்டர் நகர்ந்தால் சுமை ஒரு மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். ஐந்து மடங்காக்கும் வகையும் உண்டு. அதற்கு 400 கிலோ போதும். எங்கள் ஆட்கள் இதை 'ஏ.டி.டி.' என்பார்கள். அதன் முழுப் பெயரை நான் குமாஸ்தாவான பிறகுதான் கற்றேன்.

கம்பிக்குக் கீழே வண்டியின் கூரைமேல் பாண்டோகிராப் என்ற மடக்குச் சட்டம் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். அது கம்பியை மேல்நோக்கிச் சுமார் ஏழு கிலோ விசையுடன் தொட்டுக்கொண்டே செல்கிறது. சுருள்வில்கள் அதைத் தூக்குகின்றன. மேம்பாலத்தின் அடியில் கம்பி தாழ்ந்திருக்கும், திறந்தவெளியில் உயர்ந்திருக்கும். சட்டம் மடங்கினாலும் விரிந்தாலும் தொடும் விசை ஒன்றாகவே இருக்கும்படி அதன் கைகளும் மூட்டுகளும் அமைக்கப்பட்டுள்ளன. அழுத்தம் குறைந்தால் தீப்பொறி பறக்கும். மிகுந்தால் கம்பி தேயும். ஏழு கிலோ என்பது ஒரு கைக்குழந்தையின் கனம். ஆயிரத்தைந்நூறு பேரை ஏற்றிச் செல்லும் வண்டி அந்தக் கனத்தின் தொடுதலில் ஓடுகிறது என்பதை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு.

இனித் தறிக்கு வருகிறேன்.

என் பாட்டனார் இரணியலிலிருந்து பாலராமபுரத்துக்குக் கூலி நெசவுக்காக வந்தவர். அங்கே நம்மவர் குடியேறிய கதை பழையது. திருவிதாங்கூரைப் பாலராமவர்மா மகாராஜா 1798 முதல் 1810 வரை ஆண்ட காலத்தில், நாகர்கோவில் பக்கத்துச் சாலியர் குடும்பங்களை வரவழைத்துக் குடியமர்த்தினார்கள். அதில் உம்மிணித் தம்பியின் பங்கு பெரிது. அரசரின் பெயரே ஊருக்கு ஆயிற்று. ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெரு என்று இன்றும் அத்தெருக்களின் பெயர்கள் வழங்குகின்றன. பாட்டனார் அக்குடும்பங்களைச் சேர்ந்தவர் அல்லர், பிந்தி வந்தவர். வந்தபோது ஒரே இராஜ்யத்துக்குள் ஊர் மாறியவராய்த்தான் வந்தார். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று கல்குளமும் விளவங்கோடும் அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாட்டனார் தறிக்குழியை விட்டு எழாமலே வேற்று மாநிலத்தவர் ஆனார். இதை அவர் சிரித்துக்கொண்டே சொல்வார் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

அப்பாவும் நெசவாளியே. எங்கள் வீட்டில் குழித்தறி. குழியில் கால்களை இறக்கி அமர்ந்து, மிதிபலகையை மிதித்து, ஓடத்தைக் கையால் எறிந்து நெய்வார். பாவு முழுவதும் அவருக்கு எதிரே உள்ள மரத்தில் சுற்றியிருக்கும். அந்த மரத்தின் ஒரு முனையில் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி, ஒரு நுனியைத் தறிக்காலில் கட்டி, மறுநுனியில் கல்லைத் தொங்கவிட்டிருப்பார். கல்லின் கனம் கயிற்றை இறுக்கும். கயிறு மரத்தைப் பிடிக்கும். பாவு விறைப்பாக நிற்கும். துணி முன்னே நகர நகர மரம் சிறுகச் சிறுக வழுக்கிச் சுழன்று பாவை விடும். பெரிய கல் ஒன்று; அதனோடு ஒரு துணிப்பையில் சிறிய கூழாங்கற்கள் ஏழு. நெய்யாற்றில் பொறுக்கியவை.

சிறுவயதில் எனக்கு அந்தக் கூழாங்கற்கள் புதிராயிருந்தன. பாவு புதிதாய்ப் பூட்டும் நாளில் ஏழும் பையில் இருக்கும். நாளாக நாளாக அப்பா ஒவ்வொன்றாய் எடுத்துச் சன்னல் மேடையில் வைப்பார். பாவு தீரும் தறுவாயில் பை வெறுமையாயிருக்கும். கல் எத்தனை வெளியே இருக்கிறது என்று எண்ணித்தான் அம்மா கூலி வரும் நாளைக் கணக்கிடுவாள். கடைக்காரரிடம் தவணை சொல்வதும் அதைக் கொண்டேதான்.

ஏன் எடுக்க வேண்டும் என்பது எனக்கு ரயில்வேயில் சேர்ந்த பிறகே விளங்கிற்று. கயிறு மரத்தைப் பிடிக்கும் பிடி ஒன்றாகவே இருக்கிறது. ஆனால் பாவு தீரத் தீர மரத்தின் சுற்று மெலிகிறது. பருத்த சுற்றின் விளிம்பில் இழுத்துச் சுழற்றுவது எளிது. மெலிந்த சுற்றில் அதே பிடியை வெல்ல அதிகமாய் இழுக்க வேண்டும். ஆரம் பாதியானால் நூலின்மேல் விழும் இழுப்பு இரட்டிப்பாகும். சுமையை அப்படியே விட்டுவைத்தால் முதல் முழத்தில் சரியாயிருந்த விறைப்பு கடைசி முழத்தில் நூலை அறுக்கும். நூலின் இழுப்பு மாறாதிருக்க வேண்டுமானால் கல்லை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்பா ஆரத்தையும் அறியார், பெருக்கலையும் அறியார். பாவை விரலால் சுண்டிப் பார்ப்பார், ஓசையைக் கேட்பார், ஒரு கல்லை எடுப்பார்.

இதே தொல்லை கடிகாரம் செய்தவர்களுக்கும் இருந்திருக்கிறது. சாவி கொடுக்கும் கடிகாரத்தில் எஃகுப் பட்டையைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். எந்த வில்லும் எவ்வளவு வளைக்கப்படுகிறதோ அவ்வளவுக்கு எதிர்த்து இழுக்கும் என்பதை ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில அறிஞர் 1678இல் எழுதி வெளியிட்டார். ஆகவே சாவி கொடுத்தவுடன் வில்லுக்கு வலிமை மிகுதி, தீரும்போது சோர்வு. கடிகாரம் முதலில் ஓடும், பின்னர் நடக்கும். ஹூக்குக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, 1430ஆம் ஆண்டளவிலேயே, ஐரோப்பியத் தொழிலாளர்கள் இதற்கு வழி கண்டுவிட்டார்கள். கோபுரம் போல் ஒருபுறம் பருத்து மறுபுறம் குறுகிய ஓர் உருளையில் திருகுபோல் பள்ளம் வெட்டி, அதில் சரட்டையோ சங்கிலியையோ சுற்றி, வில்லை அதன் வழியே இழுக்கச் செய்தார்கள். வில் வலுவாயிருக்கையில் சங்கிலி குறுகிய பக்கத்தில் இழுக்கும். சோர்ந்த பின் பருத்த பக்கத்தில் இழுக்கும். வில்லின் குறையை ஆரம் நிரப்பிவிடும். அதற்கு 'பியூஸி' என்று பெயர். அப்பாவின் தறியில் ஆரம் செய்த கெடுதலைக் கல் திருத்திற்று; கடிகாரத்தில் வில் செய்த கெடுதலை ஆரம் திருத்திற்று. இதை நான் படித்தறிந்த இரவு உறக்கம் வரவில்லை. மனைவியை எழுப்பிச் சொன்னேன். "நாளைக்குச் சொல்லக்கூடாதா?" என்றாள்.

பின்னர் வந்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒரு மெல்லிய எஃகுப் பட்டையை, தானாகவே இறுகச் சுருண்டு கிடக்கும் இயல்புடையதாகச் செய்துவிடுகிறார்கள். நுனியைப் பிடித்து இழுத்தால் சுருள் பிரியும். விட்டால் ஓடிப்போய்ச் சுருண்டுகொள்ளும். இதில் வியப்பு என்னவெனில், ஒரு சாண் இழுத்தாலும் ஒரு கஜம் இழுத்தாலும் எதிர்ப்பு ஏறத்தாழ ஒன்றே. சுருளிலிருந்து பட்டை நேராகின்ற அந்தச் சிறு இடத்தில்தான் வேலை நடக்கிறது. முன்னமே நேராகிவிட்ட பகுதி சும்மா இருக்கிறது. ஆகையால் நீளத்துக்கு அங்கே மதிப்பில்லை. அமெரிக்கரான வோட்டா என்பவர் 1952இல் இதன் கணக்கை விரிவாக எழுதினார். மின்மோட்டார்களில் கரித் துண்டைச் சுழலும் பாகத்தோடு அழுத்திப் பிடிக்க இத்தகைய வில்லைப் பயன்படுத்துகிறார்கள். கரி தேய்ந்து குட்டையானாலும் அழுத்தம் குறைவதில்லை. குறைந்தால் பொறி பறந்து மோட்டார் கெடும்.

இவ்வளவும் அறிந்த பின் இப்பிழையைச் சொல்வதில் வெட்கம் மிகுதி. ஆனால் அன்று எனக்கு இவை எதுவும் தெரியாது.

நான் முதலில் சேர்ந்தது குமாஸ்தாவாக அல்ல. மேல்மின்கம்பிப் பிரிவில் உதவியாளாக. ஏணி சுமப்பது, கப்பிக்கு எண்ணெயிடுவது, அளவு எடுப்பது ஆகியவை என் வேலைகள். ஒவ்வொரு சுமைக்கும் இரண்டு அளவுகள் உண்டு. கப்பிகளுக்கு இடையே உள்ள தூரம் 'எக்ஸ்'. சுமையின் அடியிலிருந்து அஸ்திவாரம் வரையுள்ள தூரம் 'ஒய்'. அன்றைய வெப்பநிலைக்கு அவை எவ்வளவு இருக்க வேண்டும் என்று அட்டவணை இருக்கும். அளந்து, பதிவேட்டில் எழுதி, அட்டவணையோடு ஒத்துப்பார்க்க வேண்டும். மூளைக்கு வேலையே இல்லை, காலுக்குத்தான் வேலை.

ஒரு மாசி மாத மாலை. எதிர்பாராத மழை தூறிற்று. அன்றைய வரிசையில் கடைசியாக நின்ற கம்பம் ஒரு மேட்டுக்கரையின் சரிவில் இருந்தது. கீழே இறங்கினால் சேறு. அன்று வீட்டில் மகளுக்குக் காய்ச்சல். பேருந்தும் தவறிவிடும் போலிருந்தது. நான் இறங்கவில்லை. மேலே நின்றபடியே பார்த்தேன். சுமை உயரத்தில் தொங்கிற்று. முந்தைய அளவையும் அட்டவணையையும் பார்த்துப் பொருத்தமான ஓர் எண்ணை எழுதினேன். சென்டிமீட்டர் கூடப் பிசகாத அழகான எண்.

இறங்கியிருந்தால் ஒன்றைக் கண்டிருப்பேன். கம்பத்தடியில் யாரோ மண்ணைக் கொட்டிச் சென்றிருந்தார்கள். குளிர்ந்த மாலையில் சுமை உயரத்தில் நின்றதால் அது தெரியவில்லை. அடுத்த வாரம் வெயில் ஏறிற்று. நண்பகலில் கம்பி நீண்டது, சுமை இறங்கிற்று, இறங்கி மண்மேட்டில் உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்துவிட்ட சுமை எதையும் இழுப்பதில்லை. மேலே கம்பி தொய்யத் தொடங்கிற்று.

பாதையைப் பார்த்துக்கொண்டு நடந்து வந்த கீமேன் அதைக் கண்டார். நிலையத்துக்குச் செய்தி சொன்னார். அடுத்து வந்த இரண்டு வண்டிகளை வேகம் குறைத்து மெல்ல விட்டார்கள். பின்னர் நாங்கள் மண்வெட்டியுடன் ஓடினோம். "சாரே, வெயிட்டு மண்ணில் முட்டி நிக்குன்னு" என்று அந்தக் கீமேன் கையை நீட்டிக் காட்டியது இப்போதும் என் கண்முன் நிற்கிறது. அரைமணி நேரத்தில் மண்ணை வெட்டி எறிந்தோம். சுமை அசைந்து, ஓர் உலுக்கலோடு இறங்கித் தொங்கிற்று. கம்பி மேலேறியதை நான் பார்த்தேன். தொய்ந்த கம்பியில் பாண்டோகிராப் சிக்கியிருந்தால் சட்டம் முறிந்திருக்கும். கம்பி பல கம்பங்களுக்கு அறுந்து, மின்சாரத்தோடு பாதையில் விழுந்திருக்கும். ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை.

மறுநாள் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் எங்கள் பொறியாளர். அதில் என் எண் இருந்தது. மண் அதற்குப் பின்னரே கொட்டப்பட்டது என்று சொல்லிவிடலாம். மறுக்க எவராலும் இயலாது. உடன் வேலை செய்தவர் ஒருவர் அப்படியே சொல்லும்படி அன்போடு யோசனையும் கூறினார். எனக்குப் பணி நிரந்தரமாகி ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. வீட்டில் தறிக்கூலியைவிட என் சம்பளமே பெரிதாகிவிட்டிருந்த காலம் அது.

அன்று இரவு அப்பா நெய்துகொண்டிருந்தார். ஓணத்துக்கு வெகுநாள் இருந்தும் ஏதோ ஒரு கல்யாணத்துக்கான கசவு முண்டு தறியில் இருந்தது. தறியருகே தரையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். அவர் ஓடத்தை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பின்பு எழுந்து, கல் தொங்கும் கயிற்றைச் சற்றுத் தளர்த்திக் கல்லைத் தரையில் உட்கார வைத்தார். மறுபடி குழியில் இறங்கி ஏழெட்டு இழை நெய்தார். ஓடம் ஓடிற்று, துணியும் விழுந்தது.

"பாத்தியா மக்களே, கல்லு தரையில இருந்தாலும் துணி விழும். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. நனைச்சாத்தான் தெரியும்" என்றார்.

தம் இளமையில் ஒருமுறை தூக்கக் கலக்கத்தில், கயிறு தொய்ந்து கல் தரையைத் தொட்டதை அறியாமல் மூன்று முழம் நெய்துவிட்டதையும், காலையில் கண்டுகொண்டு ஒருவருக்கும் சொல்லாமல் மூன்று முழத்தையும் இழை இழையாய்ப் பிரித்ததையும் சொன்னார். இரண்டு நாள் கூலி போயிற்றாம். அதற்குமேல் அவர் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. கல்லை மீண்டும் தூக்கிக் கட்டி, அந்த ஏழெட்டு இழையையும் பிரிக்கத் தொடங்கினார்.

நான் பொறியாளரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் மலையாளி, கடுஞ்சொல் பேசாதவர். வெகுநேரம் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று என் கோப்பில் ஏறிற்று. அடுத்த ஒரு மாதம் நான் அளந்த ஒவ்வொரு கம்பத்தையும் என் பின்னால் வந்து அவரே மீண்டும் அளந்தார். அந்த மாதத்தில் நான் அடைந்த அவமானம் கொஞ்சமல்ல. மாத முடிவில், பிரிவின் பதிவேடுகள் அனைத்தையும் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார். பொய் எண் எழுதியவனிடம் எண்களை ஒப்படைத்தது ஏன் என்று எனக்கு அன்றும் விளங்கவில்லை. கேட்கும் துணிவும் வரவில்லை. அந்தப் பழக்கமே பின்னர் துறைத் தேர்வு எழுதவும், இரண்டாம் முறையில் தேறிக் குமாஸ்தாவாகவும் உதவிற்று.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சியில், சுமையே இல்லாத புதுவகைக் கருவியைக் காட்டினார்கள். கம்பத்தில் ஒரு சிறு பெட்டி. உள்ளே சுருட்டிய எஃகு வில்கள். கம்பியை இழுக்கும் உருளை மட்டும் வட்டமாக இல்லாமல் நத்தையின் ஓடு போல் ஆரம் மாறிக்கொண்டே போகிறது. சுரங்கத்திலும் பாலத்திலும் சுமை இறங்க இடமில்லாத இடங்களுக்கு உகந்ததாம். பார்த்தவுடனே எனக்குப் பியூஸி நினைவுக்கு வந்தது. கற்பித்தவரிடம் சொன்னேன். அவர் அதைக் கேள்விப்பட்டதில்லை என்றார். அதில் மண் கொட்டினாலும் சுமை முட்டாது. ஆனால் வில்லைக் கண்ணால் பார்க்க முடியாது. எனக்கு என்னவோ தொங்கும் சுமையே பிடித்திருக்கிறது. தூரத்திலிருந்தே நிலைமை தெரிகிறது, இறங்கிப் பார்க்கும் மனம் இருந்தால்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. வலது தோளில் வலி. சென்ற ஓணத்துக்குப் பூட்டிய பாவு பங்குனியில்தான் தீர்ந்தது. கற்கள் ஏழும் சன்னல் மேடையில் வரிசையாய் இருக்கின்றன. அடுத்த பாவு எப்போது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அம்மா தறிக்குழியின்மேல் பலகை போட்டுவிடலாம், பேத்தி ஓடி விளையாடும்போது விழுந்துவிடுவாள் என்று இரண்டொரு முறை சொன்னாள். அப்பா பலகையை வாங்கி வந்து சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார், இன்னும் போடவில்லை.

என் மகள் மலையாளப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தாத்தாவிடம் தமிழ் எழுத்துப் பழகுகிறாள். சென்ற வாரம் அவள் அந்தக் கற்களில் ஐந்தை எடுத்துப் போய்த் திண்ணையில் தட்டாங்கல் ஆடிக்கொண்டிருந்தாள். நான் அதட்டப் போனேன். அப்பா கையமர்த்தினார். விளையாட்டு முடிந்ததும் அவர் கற்களை எண்ணி வாங்கி, துணியால் துடைத்து, சன்னல் மேடையில் பழைய வரிசைப்படியே வைத்தார்.